கூண்டில்லாமல் முப்பத்தெட்டு நிமிடங்கள்

சனிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு எனக்குக் கால்கள் இருந்தன. நான்கு பதினெட்டுக்கு இல்லை. பார்த்தால் இருந்த இடத்திலேயேதான் கிடந்தன. பட்டு வேட்டியின் கரைக்கு வெளியே இரண்டு பாதங்களும் தெரிந்தன. ஆனால் யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனவை போல இருந்தன.

அந்த எட்டு நிமிடங்களையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நம்மவர்களில், முதுகில் காற்றுக்குடுவை கட்டிக்கொண்டு கடலடியில் சுழியோடப் பழகும் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் படிக்கட்டும். சுழியோடாவிட்டாலும், வீட்டு விசேஷம் என்றதும் கிடைத்த விமானத்தைப் பிடித்து ஓடி வருகிறவர்களும் படிக்கட்டும்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. லண்டனின் வடக்கில், எட்மண்டனில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒரு பஸ் டிப்போவில் சாரதிகளின் ஷிப்ட் அட்டவணை போடுவது என் வேலை. யார் எத்தனை மணிக்கு வண்டியை எடுப்பது, எத்தனை மணித்தியாலம் ஓய்வெடுக்காமல் அடுத்த வண்டியைத் தொடக்கூடாது என்று பார்ப்பதிலேயே என் நாள் போகும். மனைவி பதினொரு வருடங்களுக்கு முன்பு கனடாவுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. சண்டை என்று சொல்லவும் எதுவும் இருக்கவில்லை. வீட்டில் என்னோடு இருப்பவை இருபத்திரண்டு வருடக் குறிப்பேடுகள். ஒரு நாளும் விட்டதில்லை.

எனக்கு ஒரே தங்கை, ஜெசிந்தா. அதே நகரத்தின் கிழக்கே, செவன் கிங்ஸில் இருக்கிறாள். அவள் கணவர் ராஜன் டென்மார்க்கிலிருந்து இங்கே வந்தவர், வீடுகளுக்குக் குழாயும், சுடுநீரால் அறையைச் சூடாக்கும் ரேடியேற்றரும் பூட்டுகிறவர். அவர்களுடைய ஒரே மகள் நிலானிக்குப் பதின்மூன்று வயது.

நாங்கள் மன்னார். நாலு பக்கமும் கடல், ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் முழங்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது. நான் நீந்தப் பழகியதே நாற்பத்தெட்டு வயதில், கவுன்சில் நீச்சல் குளத்தில். அங்கே அறிமுகமான ஒருவர் மூலம் ஒரு சுழியோடிகள் சங்கத்தில் சேர்ந்தேன். இதை நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஜெசிந்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அண்ணை, உங்களுக்கு என்ன விசரே? இந்த வயசிலை கடலுக்கை போய் என்னத்தைத் தேடப் போறியள்?”

“தேட ஒண்டும் இல்லை. பாக்கத்தான்.”

“பாக்கிறதெண்டால் ரீவியிலை பாருங்கோ. இஞ்சை வாங்கோ. பிள்ளையின்ரை தலையிலை கையை வைச்சுச் சொல்லுங்கோ, கடலுக்கை இறங்கமாட்டன் எண்டு.”

நிலானிக்கு அப்போது ஒன்பது வயது. வாயில் சோற்றோடு தலையை நீட்டினாள். நான் கையை வைத்துச் சொன்னேன். அதன் பிறகு ஒரு வருடம் தண்ணீர் நிரம்பிய பழைய கல்லுக்குழிகளில் மட்டும் சுழியோடினேன். ‘கல்லுக்குழி கடல் அல்ல’ என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அடுத்த வருடம் கடலில் இறங்கினேன். அன்று அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, ஆழத்தையும் நேரத்தையும் தவிர.

வெள்ளைச் சுறாக்களை நான் முதலில் கண்டது சங்கத்தில் ஒருவர் காட்டிய காணொளியில். தென்னாப்பிரிக்கக் கரையில், அனுமதி பெற்ற ஒரு சிறு குழு, கூண்டு இல்லாமல் கடலடியில் நிற்கிறது. இருவர் இருவராக, முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிறார்கள். சுறா எந்தப் பக்கத்தால் வந்தாலும் அந்தப் பக்கத்தில் ஒரு சோடிக் கண்கள் இருக்க வேண்டும் என்பதற்காக. எல்லோரும் சுறாவைப் பார்த்தார்கள். நான் அந்த முதுகுகளைப் பார்த்தேன். ஒட்டி நிற்கும் இரண்டு முதுகுகள். அன்றைக்கே போவதென்று முடிவு செய்துவிட்டேன். வேறு காரணம் எழுதினால் அது பிறகு சேர்த்ததாக இருக்கும்.

தங்கையிடம், தென்னாப்பிரிக்காவுக்கு மிருகங்கள் பார்க்கப் போகிறேன் என்றேன். சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

நிலானி பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீடு சனிக்கிழமை என்று முன்பே தெரியும். தாய்மாமன் நான் ஒருவன்தான். அறுகம்புல்லும் பாலும் கையில் எடுத்து அவள் தலையில் மூன்று முறை வைக்க வேண்டியவன் நான். அதனால் புதன், வியாழன் சுழியோட்டம், வெள்ளி இரவு விமானம் என்று அட்டவணை போட்டிருந்தேன். புதன் முழுவதும் காற்று. வியாழனும் காற்று. வெள்ளிக்கிழமை விடிய கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது.

சுழியோடியவர் இருபத்து நான்கு மணித்தியாலமாவது தரையில் இருந்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் விதி. குழுத்தலைவர் ஒவ்வொருவரிடமும் விமானம் எப்போது என்று கேட்டார். நான் சனி இரவு என்றேன். அது முழுப் பொய்.

விமானத்தில் மூன்றாம் மணித்தியாலத்தில் தோள் அரித்தது. ஐந்தாம் மணித்தியாலத்தில் இடுப்பைச் சுற்றிப் பட்டி ஒன்றை இறுக்கியது போல ஒரு நோ. இருக்கையில் இருந்த விதம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுகிறேன். நினைக்க விரும்பினேன் என்பதே சரி. காலையில் எட்மண்டன் வந்து குளித்து, வேட்டி கட்டி, மண்டபத்துக்குப் போனபோது பஞ்சின் மேல் நடப்பது போல இருந்தது. மண்டபத்துக் கழிப்பறையில் பதினொரு நிமிடம் நின்றேன். ஒரு துளி போகவில்லை.

நிலானி மணப்பெண் போல உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து முதல் தரம் பால் வைத்தேன். இரண்டாம் தரம் வைத்தேன்.

“மாமா, ஒரு நிமிசம்,” என்றார் வீடியோக்காரர். “பிள்ளையின்ரை முகத்தை மறைக்கிறியள். இஞ்சாலை திரும்பி, கொஞ்சம் சிரிச்சு, ரெண்டாவதைத் திரும்ப ஒருக்கா வையுங்கோ.”

திரும்பினேன். சிரித்தேன் என்றும் நினைக்கிறேன். அந்தத் தலையில்தான் நான் சத்தியம் செய்திருந்தேன் என்பது அந்தக் கணத்தில் ஞாபகம் வந்தது. பிறகு என் முகம் மேடைக் கம்பளத்தில் இருந்தது. மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. நிலானி ஆங்கிலத்தில், “மாமா, எழும்புங்கள், பகிடி விடாதீர்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் மூளையில் இரத்தக் குழாய் அடைத்திருக்கலாம் என்று பார்த்தார்கள். முகம் கோணவில்லை, கைகள் இரண்டும் சரி. அப்படியென்றால் பிழை முதுகில் என்றார் ஓர் இளம் வைத்தியர். முள்ளந்தண்டுக்குள் கயிறு போல ஒரு நரம்புத்தடி ஓடுகிறது. முண்ணாண் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அதைத்தான். மூளையிலிருந்து காலுக்கும் காலிலிருந்து மூளைக்கும் செய்தி போவது அதன் வழியாக. ஒரு எலும்போ சவ்வோ அதை நசுக்கினால் உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். சிறுநீர்ப்பையில் குழாய் விட்டு, நிறைந்து நின்றதை வடித்த பிறகு, எம்.ஆர்.ஐ. எடுக்கக் கொண்டுபோனார்கள். அது காந்தத்தால் உடலின் உள்ளே படம் பிடிக்கும் இயந்திரம். நாற்பது நிமிடம் ஒரு குழாய்க்குள் சத்தத்தோடு கிடக்க வேண்டும். படத்தில் எதையும் எதுவும் நசுக்கவில்லை. நல்ல செய்திதான். ஆனால் காரணம் இன்னும் கிடைக்கவில்லை.

வைத்தியர் திரும்பி வந்து கேள்விகள் கேட்டார். ஜெசிந்தா விசேஷச் சேலையோடு கட்டிலருகே நின்றாள்.

“அண்மையில் வெளிநாடு போனீர்களா?”

“தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டு இன்றுதான் வந்தார்,” என்று அவளே ஆங்கிலத்தில் முந்திக்கொண்டாள். “சிங்கம், யானை எல்லாம் பார்க்கப் போனார்.”

“பூச்சி ஏதும் கடித்ததா?”

“இல்லை.”

“ஏரி, ஆறு எதிலாவது குளித்தீர்களா?” அங்குள்ள நன்னீரில் வாழும் ஒரு புழு சில வேளை முதுகுநரம்பைத் தாக்கும் என்று விளக்கினார்.

“ஏரியிலோ ஆற்றிலோ இல்லை,” என்றேன். உண்மை.

“நான் அறிய வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா?”

ஜெசிந்தா என் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய மோதிரங்கள் என் விரல்களில் அழுத்தின.

“வேறு ஒன்றும் இல்லை,” என்றேன்.

இதைத்தான் நான் எழுத வந்தேன். மற்றவை எல்லாம் உடம்புக்கு நடந்தவை. இது நானே செய்தது. காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. விமானத்தில் தோள் அரித்தபோதே தெரிந்திருந்தது. சங்கத்தில் அந்தப் பாடத்தை மூன்று முறை படித்து, பரீட்சையில் முழுப் புள்ளி எடுத்தவன் நான். கால்கள் போய்க்கொண்டிருக்கும்போது, தங்கை முகம் மாறிவிடக் கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். எந்த நேரமும் சொல்லியிருக்கலாம். அவள் பத்து மணிக்கு வீட்டுக்குப் போன பிறகும் தாதியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது கோப்பில் ஏறும், காலையில் அவள் முன்னால் யாராவது வாசிப்பார்கள் என்று பயந்தேன்.

ஞாயிறு காலை மரத்துப்போன எல்லை தொப்புளுக்கு வந்துவிட்டது. நரம்பியல் நிபுணர் ஒரு பெண்மணி. என் வயதிருக்கும். நுனி மழுங்கிய ஒரு சிறு ஊசியால் பாதத்திலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டு வந்தார். எங்கே முதலில் தெரிந்ததோ அங்கே பேனாவால் தோலில் ஒரு கோடு கீறினார். கோட்டுக்கு மேலே நான். கீழே வெறும் பாரம்.

முள்ளந்தண்டில் ஊசி போட்டு உள்ளிருக்கும் நீரை எடுத்துச் சோதிக்கப் போவதாகச் சொன்னார். அதற்கு முன் பழைய கேள்விகளை மறுபடி கேட்டார். ஜெசிந்தா தேவாலயத்தில் ஞாயிறு பூசையைத் தவறவிட்டு வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை என் வாயால் சொல்ல முடியாது.

“கட்டிலுக்குக் கீழே என் பை,” என்றேன். “அதில் ஒரு கறுப்புக் கொப்பி. வெள்ளிக்கிழமைப் பக்கம். அதில் இருக்கிறது.”

நிபுணர் எடுத்துத் திருப்பினார். எல்லாம் தமிழ். என்னிடம் நீட்டினார். என் கண்ணாடி உடைந்திருந்தது. இலக்கங்களைப் பிழையாகச் சொல்லிவிடக் கூடாது. அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். “உங்களுக்கு இது வாசிக்கத் தெரியுமா?”

என் தங்கை என் எழுத்தை ஒரு வரி தமிழில் வாசித்து, ஒரு வரி ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் வாசித்தது இது:

‘வெள்ளி. காற்று இல்லை. நீர் 16 பாகை. முதல் சுழியோட்டம் 17 மீற்றர், 41 நிமிடம். எதுவும் வரவில்லை. மேலே 55 நிமிடம். இரண்டாவது 19 மீற்றர், 38 நிமிடம். வெளியே வந்தது 11.50. விமானம் 19.10. இடைவெளி 7 மணி 20 நிமிடம். விதி 24 மணி. தெரிந்தே செய்கிறேன்.’

நிபுணர் அந்த இடத்திலேயே கையை உயர்த்தி, அருகில் நின்ற வைத்தியரிடம் ஏதோ சொன்னார். அவர் ஓடினார். தாதி என் முகத்தில் ஒட்சிசன் மூடியைப் பொருத்தினார். ஊசி வேண்டாம் என்றார்கள். “வாசியுங்கள்,” என்றார் நிபுணர். “மேலே வேகமாக வந்தாரா, கீழே ஏதாவது நடந்ததா, எல்லாம் தேவை.”

ஜெசிந்தா வாசித்தாள்.

‘இரண்டாவதில் பதினான்காம் நிமிடம் வந்தது. பெண் சுறா. நான்கு மீற்றருக்குக் குறையாது. கூண்டு இல்லை. என் முதுகோடு ஒட்டி இன்னொருவரின் முதுகு. பெயர் தெரியாது. அவர் மூச்சு விடுவது என் முதுகில் தெரிந்தது. கண்ணை எடுக்கக் கூடாது, ஓடக் கூடாது, மேலெழும்பக் கூடாது என்பது விதி. மூன்று முறை சுற்றியது. மூன்றாவது முறை ஒரு கை நீளத்தில். கண் கறுப்பு என்று நினைத்திருந்தேன். கடும் நீலம். என்னைப் பார்த்தது. போய்விட்டது. பயம் இல்லை. மெதுவாகவே மேலே வந்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன்.’

அவளுடைய ஆங்கிலம் நன்றாக இருந்தது. குரல் கவுன்சில் கடிதம் வாசிப்பது போல இருந்தது. பிறகு ஒரு வரியைத் தமிழிலும் வாசிக்காமல், ஆங்கிலத்திலும் சொல்லாமல் நின்றாள்.

“என்ன இருக்கிறது?” என்றார் நிபுணர்.

“வைத்தியத்துக்குத் தேவையில்லாதது,” என்று சொல்லிக் கொப்பியை மூடினாள்.

அந்த வரி எனக்குத் தெரியும். ‘படகில் நிரப்பக் கொடுத்த படிவத்தில், ஏதும் நடந்தால் அறிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் வீட்டு இலக்கத்தையே எழுதினேன். மணி அடிக்கும். யாரும் எடுக்கமாட்டார்கள். யாருக்கும் கரைச்சல் இல்லை.’

நோயின் பெயர் அழுத்தக்குறைவு நோய். ஆழத்தில் தண்ணீர் உடம்பை அழுத்தும்போது, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்தபின் அது மெதுவாக, மூச்சோடு வெளியேறும். அதற்கு நேரம் கொடுக்காமல் விமானத்தில் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் மலையுச்சியில் இருப்பது போலக் குறைவு. கரைந்த வாயு குமிழாகிவிடும். என் குமிழ்கள் முண்ணாணில் நின்றுவிட்டன. மச்சான் ராஜன் இதை ஒரே வாக்கியத்தில் விளங்கிக்கொண்டார்.

“ரேடியேற்றருக்குள்ளை காத்து நிண்டால் மேல்பாதி குளிரும், கீழ்பாதி சுடும். உங்களுக்கும் அதே கேஸ்தான், தலைகீழாய். திறப்பைப் போட்டுக் காத்தைத் திறந்து விடோணும்.”

“திறப்பு எங்கை போடுறதாம்?” என்று கேட்டேன்.

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்,” என்றார். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

அந்தத் திறப்பு, என் சாவி, ஓர் இரும்பு அறை. நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்தது. கதவைப் பூட்டி, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி, பதினெட்டு மீற்றர் ஆழத்தில் இருப்பது போல ஆக்குவார்கள். குமிழ்கள் சுருங்கும். அங்கே தூய ஒட்சிசனைச் சுவாசித்தபடி ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் கிடக்க வேண்டும். பிறகு மிக மெதுவாக ‘மேலே’ கொண்டுவருவார்கள். தரையை விட்டு ஓர் அங்குலமும் அசையாமல் மறுபடி அதே ஆழத்துக்குப் போனேன். கடலில் கூண்டு இருக்கவில்லை. இங்கே நாலு விரல் தடிப்பில் இரும்பு. பருத்தி உடை மட்டும்தான். தொலைபேசி கூடாது, மணிக்கூடு கூடாது. பேனாவும் கூடாது, அழுத்தத்தில் கசியும். இருபத்திரண்டு வருடங்களில் முதல் தடவையாகக் குறிப்பெடுக்காமல் ஐந்து மணித்தியாலம். உள்ளே துணைக்கு ஒரு தாதி. இரண்டொரு வார்த்தை பேசுவார். என் முகமூடிக்குள்ளிருந்து பதில் சொல்வது கடினம்.

சுவரில் தட்டளவு வட்டக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் மறுபக்கத்தில் ஜெசிந்தா ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். பத்து நாட்களில் எட்டு நாள் வந்தாள். செவன் கிங்ஸிலிருந்து ரயில் மாறி மாறி. இடியப்பமும் சொதியும் கொண்டுவருவாள். தாதியரிடம் பேசுவாள், ராஜனுக்குத் தொலைபேசி எடுப்பாள். என்னிடம் சாப்பிடுங்கோ, போர்த்துங்கோ, வாறன் என்ற மூன்று சொல்தான். வெளியே இருப்பவர் உள்ளே பேச ஒரு ஒலிவாங்கி உண்டு. தாதி அதை அவளிடம் நீட்டுவார். அவள் தலையாட்டி மறுப்பாள். முதல் நாள், என்னை அங்கே இடம் மாற்றியபோது, வண்டிக்குள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

“என்ரை பிள்ளையின்ரை தலையிலை கை வைச்சுச் சொன்னனீங்கள், அண்ணை.”

அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. வாசிக்காமல் விட்ட வரியைப் பற்றியும் பேசவில்லை.

ஒவ்வொரு நாளும் அறையை விட்டு வந்ததும் ஊசி. கண்ணை மூடச் சொல்வார்கள். தெரிந்தால் ஓம், தெரியாவிட்டால் மௌனம். தோலில் புதிய கோடு. முதல் நாள் கோடு தொப்புளிலிருந்து அசையவில்லை. இரண்டாம் நாள் இடுப்பு எலும்பு. நான்காம் நாள் வலது தொடை நடு, இடது தொடை மேல். ஐந்தாம் நாள் வலது பெருவிரலை ஆட்டினேன். என்னைப் பார்க்க அங்கே வந்திருந்த நிபுணர் கைதட்டினார். நான் வட்டக் கண்ணாடியின் பக்கம் பார்த்தேன். கதிரை காலியாக இருந்தது. அன்று அவள் வராத இரண்டு நாட்களில் ஒன்று.

வார்ட்டில் எதிர்க்கட்டிலில் ஒரு முதியவர். அவருக்குப் பார்வையாளர் நேரத்தில் ஏழு பேர் வருவார்கள். கதிரை போதாமல் என் பக்கத்துக் கதிரையைக் கேட்பார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். நான் வேலை செய்யும் கந்தோரிலிருந்து ஓர் அட்டை வந்தது. பன்னிரண்டு பேர் கையெழுத்து. இரண்டு பெயர்களை எனக்குத் தெரியாது. நான் அட்டவணை போட்ட சாரதிகளாக இருக்க வேண்டும்.

ஏழாம் நாள் சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். எட்டாம் நாள் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஆறு அடி நடந்தேன். பத்தாம் நாளுக்குப் பிறகு கோடு இறங்கவில்லை. வலது கால் முழுவதும் திரும்பிவிட்டது. இடது காலில் கணுக்காலுக்கு மேலே நின்றது.

“சனி மாலையே தொடங்கியிருந்தால் இதுவும் திரும்பியிருக்குமா?” என்று நிபுணரைக் கேட்டேன்.

“தெரியாது,” என்றார். “நேரம் முக்கியம் என்று மட்டும் சொல்லலாம். இனி நரம்பு தானாகத் திரும்ப மாதங்கள் எடுக்கும். திரும்பாமலும் போகலாம்.” இனிச் சுழியோடக் கூடாது என்றும் சொன்னார். பிறகு ஊசிப் பைக்கற் ஒன்றைக் கையில் தந்தார். “வாரம் ஒரு முறை பாருங்கள். கோடு நகர்ந்தால் எழுதி வையுங்கள். எழுதுவது உங்களுக்குக் கைவந்தது. ஒன்றே ஒன்று: நீங்களே செய்யக் கூடாது. எங்கே, எப்போது குத்துகிறோம் என்று தெரிந்தால் மூளை இல்லாததை இருப்பதாகச் சொல்லும். வீட்டில் யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.”

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் நானே செய்தேன். கதிரையில் இருந்து, இடது காலை வலது முழங்காலில் போட்டு, கண்ணை மூடிக் குத்தினேன். முதல் வாரம் கோடு கணுக்காலுக்குக் கீழே வந்துவிட்டது. இரண்டாம் வாரம் பாதத்தின் நடு. மூன்றாம் வாரம் விரல்கள் வரை தெரிந்தது. அன்று மாலை குளியலறையிலிருந்து வந்தபோது தரையில் சிவப்பு அடையாளங்கள். ஒரு கண்ணாடித் துண்டு இடது குதிக்காலில் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று தெரியாது.

துடைத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தேன். மூன்று வாரப் பதிவுகளுக்கும் குறுக்கே கோடு போட்டு, ‘முடிவு செல்லாது’ என்று எழுதினேன். பிறகு தொலைபேசியை எடுத்து, இதுவரை ஒரு முறையும் அவளிடம் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

“ஜெசி, எனக்கு ஒராள் வேணும்.”

“ஞாயிறு பூசை முடிய வாறன்,” என்றாள்.

வந்தாள். முதலில் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்து, “இது என்ன, பஸ் டிப்போவே? ஒண்டும் இல்லை,” என்றாள். கொண்டுவந்த சாப்பாட்டை அடுக்கினாள். சுவர் ஓரம் வரிசையாக இருந்த குறிப்பேடுகளை ஒரு முறை பார்த்தாள். பிறகு என் முன்னால் தரையில் உட்கார்ந்து, என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். கண்ணாடி வெட்டிய இடத்தில் நான் ஒட்டியிருந்த பிளாஸ்ரரைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

“அந்த மீனுக்கு முன்னாலை நிண்டு கண்ணை வெட்டேல்லையாம். சொந்தக் காலைப் பாக்கத் தெரியேல்லை.”

“அது மீன் இல்லை, சுறா.”

“சுறாவும் மீன்தான். எங்கடை ஊரிலை புட்டுக்குச் சுறாவறைதானே? கண்ணை மூடுங்கோ.”

கடலில் கண்ணை எடுக்கக் கூடாது என்பது விதி. இங்கே மூட வேண்டும். மூடினேன். முழங்காலுக்குக் கீழே ஒரு குத்து. “இப்ப?” “ஓம்.” கெண்டைக்காலில். “இப்ப?” “ஓம்.” கணுக்காலுக்கு மேலே. “இப்ப?” “ஓம். மெல்லிசா.” பேனா தோலில் ஓடுவது தெரிந்தது.

அதற்குப் பிறகு வெறுமை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓம் என்று சொல்ல வாய் உன்னியது. அவள் கையைப் பிடித்திருந்த அந்தச் சனிக்கிழமை போலவே. அவள் ஒன்றரை மணித்தியாலம் ரயிலில் வந்திருக்கிறாள். நல்லதாக ஒன்று சொல்லி அனுப்பலாம்.

“இப்ப?”

காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“இல்லை,” என்றேன்.

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இப்ப?”

“இல்லை, ஜெசி. ஒண்டும் தெரியேல்லை.”

அவள் நீண்ட மூச்சு விட்டாள். அது என் முழங்காலில் பட்டது. அங்கே எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“நான் இன்னும் குத்தேல்லை,” என்றாள். “நீங்கள் பொய் சொல்லுறியளோ எண்டு பாத்தனான்.”

கண்ணைத் திறந்தேன். ஊசியைத் தூர வைத்துவிட்டு என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது.